வானம் ஈந்த பெயர்

இத்தாலியின் வடமேற்கே, பியெமோந்தே வட்டாரத்தில், அலெஸ்ஸாந்திரியா என்றொரு நகரம். 1930களில் அந்த நகரத்து வீடொன்றின் நிலவறையில் ஒரு பெட்டி கிடந்தது. பெட்டி நிறைய, தைத்து அட்டை போடாத புத்தகங்கள். வீட்டுக்காரரின் தந்தை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஊராரின் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்து கொடுத்து வந்தார். அவர் இறந்தபோது, யாரும் வந்து கேட்காத புத்தகங்கள் மகன் வீட்டுக்கு வந்து நிலவறையிலேயே தங்கிவிட்டன. கீழே இறங்கிப்போன பேரன் அந்தப் பெட்டியைத் திறந்தான். உள்ளே, படங்களோடு அச்சான 19ஆம் நூற்றாண்டு நாவல்கள். அவன் கண்ட முதல் புத்தகங்களில் அவையும் உண்டு.

அந்தப் பேரன் உம்பர்த்தோ எக்கோ. 1932 ஜனவரி 5ஆம் நாள் பிறந்தவர். பொலோஞா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியராக இருந்தவர். 1980இல் வெளிவந்த 'ரோஜாவின் பெயர்' நாவலால் உலகெங்கும் அறியப்பட்டு, 2016 பிப்ரவரி 19ஆம் நாள் மறைந்தவர். பெட்டியை விட்டுச்சென்ற பாட்டனாரோ கண்டெடுக்கப்பட்ட குழந்தை. தாய் யார், தந்தை யார் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படாத பிள்ளை. நகராட்சி அலுவலர் ஒருவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயர் வைத்தார். அதுதான் எக்கோ.

குடும்பமே தெரியாத பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயர். இந்த ஒரு செயலுக்குள் மொழியியல், வரலாறு, கணிதம், மரபியல் ஆகிய நான்கும் வந்து கூடுகின்றன. ஓர் அரிய இத்தாலியப் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நான்கின் வழியாகவும் நடந்து பார்க்கலாம்.

மூன்று எழுத்துக்குள் ஒரு வாழ்த்து

இத்தாலிய மொழியில் 'எக்கோ' என்றால் எதிரொலி. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். ஆனால் இந்தக் குடும்பப் பெயருக்கு வேறொரு விளக்கம் வழங்குகிறது. ரோமன் எழுத்தில் இந்தப் பெயர் இ, சி, ஓ என்ற மூன்றே எழுத்து. அவை 'எக்ஸ் சேலிஸ் ஓப்லாத்துஸ்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள். 'எக்ஸ் சேலிஸ்' என்றால் வானுலகிலிருந்து. 'ஓப்லாத்துஸ்' என்றால் அளிக்கப்பட்டவன், ஈயப்பட்டவன். வானம் ஈந்த பிள்ளை என்று பொருள் கொள்ளலாம்.

வத்திக்கான் நூலகத்தில் இயேசு சபையார் பயன்படுத்திய முதலெழுத்துச் சுருக்கங்களின் பட்டியல் ஒன்றில் தம் நண்பர் ஒருவர் இந்தச் சுருக்கத்தைத் தற்செயலாகக் கண்டு தமக்குச் சொன்னதாக, 2011ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் எக்கோ விவரித்தார். குறிகளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவருக்கு, தம் பெயரே விளக்கம் வேண்டி நின்ற ஒரு குறி என்பது நண்பர் சொல்லித்தான் தெரியவந்தது.

'ஓப்லாத்துஸ்' என்ற சொல்லுக்குத் திருச்சபையில் நீண்ட வரலாறு உண்டு. இடைக்காலத்தில் பெற்றோர் தம் பிள்ளையை மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில், இப்படி ஒப்புக்கொடுக்கப்படும் பிள்ளைகளுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை லத்தீனில் 'ஓப்லாத்தி' என்றார்கள். பெற்றோர் கடவுளுக்குக் கொடுத்த பிள்ளை ஓப்லாத்துஸ். 'எக்ஸ் சேலிஸ்' என்ற இரண்டு சொற்கள் முன்னால் சேர்ந்ததும் கொடுக்கும் திசை மாறிவிடுகிறது. இப்போது கொடுப்பது வானம், வாங்கிக்கொள்வது ஊர். தெருவில் விட்டுச் செல்லப்பட்ட பிள்ளையை இதைவிட மதிப்போடு அழைக்கும் தொடர் கிடைப்பது அரிது.

பெயர்கள் நிலைத்த கதை

எக்கோ எவ்வளவு விலகி நிற்கும் பெயர் என்று தெரிய, பிற இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை. தந்தையின் பெயரால் வந்தவை முதல் வகை: தி பியெத்ரோ என்றால் பியெத்ரோவின் மகன். ஊரால் வந்தவை: ரொமானோ, ஜெனொவேசே. தொழிலால் வந்தவை: ஃபெர்ராரி என்றால் கொல்லர் குடும்பம், சர்த்தோரி என்றால் தையற்காரர் குடும்பம். நான்காவது பட்டப்பெயர்: செம்பட்டை முடிக்காரரின் வழியினர் ரோஸ்ஸி ஆனார்கள், வெளுத்த நிறத்தவரின் வழியினர் பியாங்கி ஆனார்கள். இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் ரோஸ்ஸிதான்.

வாயில் புழங்கிய இந்தப் பெயர்கள் ஏட்டில் ஏறி நிலைத்ததற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஒரு பெருங்காரணம். 1563இல் அது ஒவ்வொரு பங்குக்கோவிலும் திருமணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதித்தது. ஞானஸ்நானப் பதிவேடும் எங்கும் வழக்கமானது. நெருங்கிய உறவினர் மணந்துகொள்ளாமல் காப்பது அந்த ஏடுகளின் நோக்கங்களுள் ஒன்று. யார் யாருக்கு என்ன உறவு என்று அறிய வேண்டுமானால், தலைமுறை தாண்டியும் மாறாத பெயர் வேண்டும். 1861இல் நாடு ஒன்றானது. 1866இல் குடிமைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அதன் பின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் பேனா பாதிரியார் கையிலிருந்து நகராட்சி எழுத்தர் கைக்கு மாறியது.

இன்று இத்தாலியில் ஏறத்தாழ 3,50,000 வெவ்வேறு குடும்பப் பெயர்கள் வழங்குவதாகப் பெயராய்வாளர்கள் கணிக்கிறார்கள். ரோஸ்ஸி போன்ற சில பெயர்கள் நாடெங்கும் பரந்து கிடக்கின்றன. மற்றபடி பெரும்பாலானவை சில குடும்பங்கள், ஒன்றிரண்டு ஊர்கள் என்ற அளவில் அடங்கிவிடுபவை. எக்கோ இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது.

சுவரில் ஒரு சுழல்பெட்டி

தந்தை பெயர், ஊர், தொழில், பட்டப்பெயர் ஆகிய நான்கும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை: இவர் யார் வீட்டுப் பிள்ளை? அந்தக் கேள்விக்கு விடையே இல்லாத குழந்தைகள் இத்தாலிய நகரங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மணமாகாமல் தாயானவளைச் சமூகம் தலைநிமிர விடவில்லை. மணமானவர்களும் பஞ்சகாலத்தில் இன்னொரு வாய்க்குச் சோறிட முடியாமல் தவித்தார்கள். பச்சிளங்குழந்தைகள் ஆற்றிலும் தெருவிலும் மடிவதைத் தடுக்க அறநிலையங்கள் சுவரில் ஒரு வழி வைத்தன. அதற்கு 'ருவோத்தா' என்று பெயர், அதாவது சக்கரம். மரத்தாலான உருளைப் பெட்டி ஒன்று சுவருக்கு உள்ளும் புறமுமாகச் சுழலும். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துத் திருப்பி, மணியை அடித்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நேப்பிள்ஸ் நகரத்து அனுன்சியாத்தா நிலையத்தின் ருவோத்தா மிகவும் பேர்போனது. அது 1875இல் மூடப்பட்டது.

பிளாரன்ஸ் நகரத்தில் இதற்கென்றே ஒரு மாளிகை எழுந்தது. பட்டு வணிகர் சங்கம் பொருள் கொடுக்க, 1419இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி தொடங்கிய 'ஒஸ்பெதாலே தெல்யி இன்னொசெந்தி', மாசற்றவர்களின் இல்லம். 1445 பிப்ரவரி 5ஆம் நாள் அங்கே முதல் குழந்தை வந்து சேர்ந்தது. அன்று புனித அகத்தாவின் திருநாள். குழந்தைக்கு அகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். அந்த மாளிகையின் வளைவுகளுக்கு மேலே, துணியில் சுற்றிய குழந்தைகளின் சுடுமண் உருவங்கள் நீலப் பின்னணியில் இன்றும் கைவிரித்து நிற்கின்றன. அவை அந்திரேயா தெல்லா ரொப்பியாவின் கைவண்ணம்.

அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் சிறிய இழுப்பறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குழந்தையோடு வந்த ஓர் அடையாளம்: பாதியாக வெட்டிய பதக்கம், ஒரு பொத்தான், ஒரு மணி. மறுபாதி தாயிடம் இருந்திருக்கும். ஒரு நாள் திரும்பி வந்து, இரண்டு பாதிகளையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம் என்ற நம்பிக்கை அந்த வெட்டில் இருந்தது. இழுப்பறைக்குள் பாதி மட்டும் இருந்தால், யாரும் வரவில்லை என்று பொருள். குடும்பப் பெயர் சொல்ல வேண்டிய செய்தியை, பெயர் இல்லாத இடத்தில், ஒரு பாதிப் பதக்கம் சுமந்தது.

இனி இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது? நெடுங்காலம் நிலையங்கள் ஒரே பெயரை எல்லோருக்கும் சூட்டின. நேப்பிள்ஸில் எஸ்பொசித்தோ, 'வெளியில் விடப்பட்டவன்'. ரோம் வட்டாரத்தில் புரொயெத்தி, 'எறியப்பட்டவர்கள்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிளாரன்ஸில் இன்னொசெந்தி. சியெனாவில் ஸ்காலா, அங்கிருந்த சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் பெயரால். மிலானில் கொலொம்போ, அங்கே பிள்ளைகளை ஏற்ற பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா, இத்தாலிய மொழியில் கொலொம்பா.

எஸ்பொசித்தோ இன்று நேப்பிள்ஸ் பகுதியில் எங்கு திரும்பினாலும் கேட்கும் பெயர். கொலொம்போ லொம்பார்தியில் அப்படியே. மருத்துவர், ஆட்டக்காரர், அமைச்சர் என்று எல்லா நிலைகளிலும் அந்தப் பெயர்க்காரர்கள் உண்டு. ஆனால் பெயர் முதலில் விழுந்த நாளில் அது நெற்றியில் குத்திய முத்திரை. பள்ளியில், பட்டறையில், திருமணப் பேச்சில், வாய் திறந்து பெயரைச் சொன்னதுமே பிறப்பின் கதை வெளியே வந்துவிடும்.

எழுத்தரின் பேனா

19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் மெல்ல மாறியது. நெப்போலியன் காலத்தில் பியெமோந்தே பிரான்சோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1811 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட பேரரசு ஆணை ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்கும் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் சுழல்பெட்டி இருக்க வேண்டும் என்று விதித்தது. குழந்தைகளின் பொறுப்பு அறநிலையத்தோடு நிற்காமல் அரசு நிர்வாகத்துக்குள்ளும் வந்தது. நிர்வாகத்துக்கு ஒரு சிக்கல் உடனே புரிந்தது. ஊரில் நூறு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் படைக்கு ஆள் எடுப்பது எப்படி, வரிப்புத்தகம் எழுதுவது எப்படி? பிறப்பை அம்பலப்படுத்தும் பெயர் கொடுமையானது என்ற மனவுணர்வும் வளர்ந்தது. ஆளுக்கு ஒரு தனிப் பெயர் என்ற முறை பரவியது.

அன்றிலிருந்து எழுத்தரின் வேலை பெயர் உண்டாக்குவது. செடி, பறவை, மாதம், கிழமை, ஆறு, ஊர் என்று எது கிடைத்தாலும் பெயராயிற்று. இல்லாத சொல்லைக்கூடப் புதிதாகக் கோத்தார்கள். சிலர் கையில் வாழ்த்துகள் விளைந்தன. இடைக்காலத்திலேயே இத்தாலியில் வாழ்த்துப் பெயர்கள் உண்டு: தியோத்திசால்வி என்றால் 'கடவுள் உன்னைக் காக்கட்டும்'. பீசா நகரத்தின் புகழ்பெற்ற ஞானஸ்நான மண்டபத்தை 1150களில் கட்டத் தொடங்கிய கலைஞரின் பெயர் அது. தியோத்தல்லெவி என்றால் 'கடவுள் உன்னை வளர்க்கட்டும்'. வளர்க்க வேறு யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை. எக்கோ தம் 1988ஆம் ஆண்டு நாவலான 'ஃபூக்கோவின் ஊசல்' கதையில் ஒரு முதன்மைப் பாத்திரத்துக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். அந்தப் பாத்திரத்தின் குடிவழியும் கண்டெடுக்கப்பட்ட பிள்ளை ஒருவரிடம்தான் போய் நிற்கிறது.

அலெஸ்ஸாந்திரியாவின் அலுவலர் ஒரு படி மேலே போனார் என்று கொள்ளலாம். வாழ்த்தை வைத்தார், வாழ்த்தை மறைத்தும் வைத்தார். தியோத்தல்லெவி என்று கேட்டால் விவரமறிந்தவர் ஊகித்துவிடுவார். எக்கோ என்று கேட்டால் எதிரொலி என்றுதான் நினைப்பார். பிள்ளைக்கு ஊரார் முன் கூச்சமில்லை. உள்ளே ஓர் ஆசி இருக்கிறது.

விளக்கத்தைச் சோதிப்பது எப்படி?

அழகான சொற்கதை எல்லாம் உண்மையாகிவிடாது. ஒரு பெயரை முதலெழுத்துகளாக உடைத்து அதற்கேற்ற தொடரைப் பொருத்துவது எந்த மொழியிலும் எளிது. அதனால் பெயராய்வாளர்கள் மூன்று சோதனைகள் வைக்கிறார்கள்.

முதலாவது, ஆவணம். பெயர் ஏட்டில் எப்போது முதலில் தோன்றுகிறது? எக்கோ குடும்பத்தில் அது பாட்டனாரிடமிருந்தே தொடங்குகிறது. அவருக்கு முன் பெயர் இல்லை. ஆகவே பல நூற்றாண்டுகளில் திரிந்து வந்த பழைய சொல் என்று தேட வேண்டியதில்லை. ஒரு நாள், ஒரு கை எழுதிய பெயர்.

இரண்டாவது, வழக்கம். அன்றைய அலுவலர்கள் லத்தீன் முதலெழுத்துகளைக் கையாண்டார்களா? மிகச் சாதாரணமாக. தந்தை பெயர் தெரியாத இடத்தில் 'என். என்.' என்று எழுதுவார்கள். 'நோமென் நேசியோ', பெயர் அறியேன் என்பதன் சுருக்கம் அது. அந்த இரண்டு எழுத்து இத்தாலிய அடையாளத் தாள்களில் பல தலைமுறைகளுக்கு வடுவாக இருந்தது. பெற்றோர் பெயரை அத்தகைய தாள்களில் குறிப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீக்கிய பிறகே அந்த வடு மறைந்தது. இயேசு சபையாரும் தம் குறிக்கோளையே நான்கு லத்தீன் முதலெழுத்துகளில் எழுதியவர்கள். ஆகவே மூன்றெழுத்துச் சுருக்கம் அந்தச் சூழலுக்கு அந்நியமானதில்லை.

மூன்றாவது, போட்டி விளக்கம். 'எக்கோ' என்பது அகராதியில் உள்ள இயல்பான சொல். எழுத்தர் எதிரொலி என்ற பொருளிலேயே அதை எடுத்திருக்கவும் கூடும். இந்த இரண்டையும் தராசில் வைத்தால், சுருக்கத்தின் பக்கம் வலுவான ஒரு கல் இருக்கிறது: எக்கோவின் நண்பர் சொன்னபடி, வத்திக்கான் பட்டியலில் அந்த மூன்றெழுத்து இந்தத் தொடரின் சுருக்கமாகவே இருந்தது. பிள்ளை கண்டெடுக்கப்பட்ட பிள்ளை என்பதும், தொடரின் பொருள் அதற்கே உரியது என்பதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆகவே இதை மிகவும் பொருந்தும் விளக்கம் என்று அறிஞர் சொல்லலாம். எழுத்தரின் மனத்துக்குள் நடந்ததற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். பொருளை அளவுக்கு மீறி வாசிப்பதன் ஆபத்தைப் பற்றி 1990இல் கேம்பிரிட்ஜில் தொடர் சொற்பொழிவு ஆற்றியவர் எக்கோ. அவர் பெயரை ஆராயும்போது அவர் கற்பித்த நிதானத்தைக் கைவிடக்கூடாது.

ஏன் சில பெயர்கள் அரியவை?

1873இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஆங்கில இதழ் ஒன்றில் ஒரு கணக்கைப் போட்டார். ஒரு நாட்டில் ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தனிக் குடும்பப் பெயர் இருக்கிறது. பெயர் மகன் வழியாக மட்டுமே தொடரும். சில தலைமுறைக்குப் பின் எத்தனை பெயர் மிஞ்சும்? பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை தேடினார். 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். இன்று நுண்ணுயிர்ப் பெருக்கத்தையும், அணுக்கருத் தொடர்வினையையும், தொற்றுநோய்ப் பரவலையும் கணிக்க உதவும் 'கிளைப்பு நிகழ்முறை' என்ற கணிதம் இப்படிக் குடும்பப் பெயரை வைத்துத் தொடங்கியது.

நம் கதைக்கு ஏற்றபடி அதைப் போட்டுப் பார்ப்போம். கண்டெடுக்கப்பட்ட 100 ஆண் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தனிப் பெயர். வளர்ந்து ஆளாகும் மகன்கள் சராசரியாக ஆளுக்கு ஒருவர். சிலருக்கு மூவர், சிலருக்கு ஒருவரும் இல்லை, எல்லாம் தற்செயல். இந்த எளிய விதியில் கணக்கு என்ன சொல்கிறது? முதல் தலைமுறையிலேயே ஏறத்தாழ 37 பெயர்கள் மறைந்துவிடும். இரண்டாம் தலைமுறை முடிவில் 53. ஐந்தாவதில் 73. பத்தாவதில் 84. மக்கள்தொகை குறையவே இல்லை. 100 ஆண்கள் அப்படியே இருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் 16 ஆகிவிட்டன. மிஞ்சிய பெயர் ஒவ்வொன்றையும் சராசரியாக ஆறு பேர் சுமக்கிறார்கள்.

இதில் எந்தப் பெயருக்கும் சிறப்புத் தகுதி இல்லை. மிஞ்சிய 16க்கு வலிமையும் இல்லை, மறைந்த 84க்குக் குறையும் இல்லை. சீட்டுக் குலுக்கல்தான். சராசரி மகன் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் நிலைமை சற்று மாறும். 1.2 என்றால், ஒரு பெயர் என்றைக்காவது அழிந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 69. 1.5 என்றால் நூற்றுக்கு 42. வாட்சன் இந்த இடத்தில் தவறினார். எல்லாப் பெயர்களும் கட்டாயம் அழியும் என்று முடித்துவிட்டார். அவருடைய சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருந்தது. அதை முழுமையாகத் தெளிவுபடுத்த 1930 வரை ஆயிற்று.

இந்தக் கணக்கு வளர்ந்த ஆண்களிலிருந்து தொடங்குகிறது. உண்மையில் நிலையங்களில் சேர்ந்த குழந்தைகளுள் மிகப் பலர் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. தாய்ப்பாலுக்குச் செவிலித்தாய் கிடைக்காமை, நெரிசல், தொற்று ஆகியவை அவர்களைக் கொண்டுபோயின. எழுத்தர் அக்கறையோடு தேர்ந்தெடுத்த எத்தனையோ பெயர்கள் ஒரே ஒரு பிள்ளையோடு, சில வாரங்களோடு முடிந்துவிட்டன. ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரி, இறப்பு ஏட்டில் ஒரு வரி. நடுவில் குடும்பம் என்று ஒன்று உண்டாகவேயில்லை.

அலெஸ்ஸாந்திரியாவின் பிள்ளை பிழைத்தது. வளர்ந்து அச்சுத்தொழில் கற்றது, தொழிலாளர் உரிமைக்காக நின்றது, மணம் முடித்தது. பிள்ளைகள் 13 பேர். அவர்களுள் ஒருவர் ஜூலியோ, உம்பர்த்தோவின் தந்தை. ஆயிரம் பெயர்கள் சிக்கி நின்ற சல்லடையிலிருந்து ஒரு பெயர் தப்பி வந்த கதை இது.

பெயரும் குருதியும்

அரிய பெயருக்கும் பரவலான பெயருக்கும் எண்ணிக்கையில் மட்டுமா வேறுபாடு? மரபியல் இன்னொரு வேறுபாட்டைக் காட்டுகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. குடும்பப் பெயரும் மேற்கு நாடுகளில் பெரும்பாலும் அதே தடத்தில் போனது. ஆகவே ஒரே மூதாதையிடம் தொடங்கிய பெயரைச் சுமக்கும் ஆண்களுக்கு ஒய் குரோமோசோமும் ஒத்திருக்க வேண்டும். 2009இல் மரபியலாளர்கள் துரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பிரிட்டானியக் குடும்பப் பெயர்களைச் சுமந்த 1,678 ஆண்களின் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரைச் சுமப்பவர்களிடம் ஒற்றுமை இல்லை. அரிய பெயர்களிலோ பலர் ஒரே தந்தைவழியைக் காட்டினார்கள்.

இத்தாலியில் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர் லூயிஜி லூக்கா கவால்லி-ஸ்ஃபோர்சா. 1950களில் பார்மா பள்ளத்தாக்கில் அவர் வேலை தொடங்கினார். அவருடைய மாணவர் அந்தோனியோ மொரோனி ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பங்குக்கோவில் ஏடுகள் அவர் வழியாகத் திறந்தன. உறவுமுறைத் திருமணங்களைக் கண்காணிக்கத் திருச்சபை எழுதி வைத்த அதே ஏடுகள், நானூறு ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் தரவாயின. சிறிய மலைக்கிராமங்களில் தற்செயலின் கை ஓங்கியது. கிராமத்துக்குக் கிராமம் குருதி வகைகளின் விகிதம் மாறியது. மக்கள் நெருங்கிய சமவெளியில் அந்த வேறுபாடு குறைந்தது. கால்டன் பெயர்களில் கண்ட சீட்டுக் குலுக்கலை, கவால்லி-ஸ்ஃபோர்சா மரபணுக்களில் கண்டார். பிறகு குடும்பப் பெயர்களையே மரபணு போல எண்ணி, மக்கள் இடம்பெயர்ந்த தடத்தை அவர் குழுவினர் வரைந்தார்கள்.

ஆனால் நிலையங்கள் சூட்டிய பெயர்கள் இந்த முறையை ஏமாற்றும். எஸ்பொசித்தோ குடும்பத்துப் பையனும் எஸ்பொசித்தோ குடும்பத்துப் பெண்ணும் மணந்தால், பெயரை மட்டும் பார்ப்பவர் உறவுத் திருமணம் என்று எண்ணுவார். இருவருக்கும் பொதுவானது ஒரு சுழல்பெட்டி மட்டும். கொலொம்போவிலும் இதே சிக்கல். அதில் ஒரு பகுதி மிலான் நிலையத்திலிருந்து வந்தது. இன்னொரு பகுதி கொலொம்போ என்ற பழைய ஆட்பெயரிலிருந்து வந்தது. கடலோடி கொலம்பஸின் ஜெனோவாக் குடும்பம் அந்தப் பெயரை 15ஆம் நூற்றாண்டிலேயே கொண்டிருந்தது. ஒரே பெயர், ஆயிரம் வேர்கள்.

ஆளுக்கொரு பெயர் சூட்டிய முறையோ மரபியலாளருக்கு மிகத் தெளிவான தொடக்கப் புள்ளி. அந்த வகைப் பெயர் ஒரே மனிதரிடம், தேதியோடு தொடங்குகிறது. அதற்கு முன்னும் அந்தப் பிள்ளைக்குத் தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஒரு தொடர் இருந்தது. ஒய் குரோமோசோம் அந்தத் தொடரை மௌனமாகச் சுமந்து வருகிறது. வேறு பெயரில், ஒருவேளை பக்கத்து ஊரிலேயே, அதே குரோமோசோமைச் சுமந்தவர்கள் வாழ்ந்திருப்பார்கள். பெயரின் வயது வேறு, குருதியின் வயது வேறு.

இன்றைய சட்டம், பழைய ஆசி

சுழல்பெட்டிகளை இத்தாலி படிப்படியாக மூடி, 1923இல் முழுவதும் ஒழித்தது. பெயர் வெளியிடாமல் மருத்துவமனையில் பிள்ளை பெறும் உரிமை இன்றும் தாய்க்கு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குப் பெயரும் குடும்பப் பெயரும் வைப்பது குடிமைப் பதிவு அலுவலரின் கடமை. 2000ஆம் ஆண்டு வந்த விதி அவர் கையைக் கவனமாகக் கட்டுகிறது: பிறப்பின் கதையைக் காட்டிக்கொடுக்கும் பெயர் கூடாது, வரலாற்றுப் புகழ்பெற்ற குடும்பப் பெயர் கூடாது, அந்த ஊரில் எல்லோரும் அறிந்த குடும்பத்தின் பெயர் கூடாது. 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயர் தானாகவே போகும் பழைய விதியைத் தள்ளிவிட்டு, இருவரும் ஒத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தேர்ந்தாலொழிய, தாய் தந்தை இருவர் பெயரும் சேரும் என்றது. கால்டனின் கணக்கில் மகன் வழி மட்டும் என்றிருந்த விதி இனி அங்கே மாறத் தொடங்கும்.

எஸ்பொசித்தோவிலிருந்து இந்த விதிவரை வந்த தூரத்தை அளந்தால், ஒரு சமூகம் மெல்லக் கற்ற பாடம் தெரிகிறது. பெயரற்று வந்த பிள்ளையின் தலையில் என்ன எழுதுகிறோம் என்பது எழுதுகிறவரின் மனத்தையும் காட்டிவிடுகிறது. சட்டம் அந்தப் பாடத்தை விதியாக எழுதும் முன்பே, அலெஸ்ஸாந்திரியாவில் ஓர் அலுவலர் மூன்றே எழுத்தில் அதை எழுதியிருந்தார். அவர் பெயர் எந்த நாவலின் அட்டையிலும் இல்லை. அவர் வைத்த பெயர் உலகத்து நூலகங்களிலெல்லாம் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து ஒன்றுமில்லை. அது தன் பின்னோருக்கு விட்டுச்சென்றது, யாரும் வந்து கேட்காத புத்தகங்கள் நிறைந்த ஒரு பெட்டி. அதைத் திறந்த பேரனின் மிலான் வீட்டில் பின்னாளில் ஏறத்தாழ 30,000 புத்தகங்கள் சேர்ந்தன. வந்து கேட்க யாரும் இல்லாத பிள்ளை, வந்து கேட்க யாரும் இல்லாத புத்தகங்கள். இரண்டையும் யாரோ ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.